சென்றாயன் அண்ணனின் வெள்ளை ரிப்பன்

போளூரில் என் புளி மண்டிக்குள் போன ஆடி மாதம் ஒரு நாள் காலையில் குப்பம்மா அண்ணி வந்து நின்றார். இடுப்பில் ஒரு பலாப்பழம். கையில் மஞ்சள் பை. புதூர்நாட்டு மலையிலிருந்து ஜீப்பில் இறங்கி, பஸ் மாறி வந்திருக்கிறார். பலாப்பழத்தைத் தரையில் வைத்தார். பையை எடைத் தராசுத் தட்டில் கவிழ்த்தார்.

கலகலவென்று விழுந்தன ஐந்து மெடல்கள். தட்டு ஒரு ஆட்டம் ஆடி நின்றது.

"தம்பி, இது நெசமா, பொய்யா? ஒரே வார்த்தையில சொல்லு. நான் அடுத்த பஸ்ஸுக்குப் போவணும்."

குனிந்து பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெடல்கள் கோயில் விளக்கு மாதிரி மின்னின. ஆனால் அதில் தைத்திருந்த ரிப்பன் இருக்கிறதே, அது இந்திய ராணுவத்திலும் இல்லை, எந்த தேசத்து ராணுவத்திலும் இல்லை. ஒன்று ரோஸ். ஒன்று பச்சையில் சரிகைப் புள்ளி. ஒன்று பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகள் இரட்டைச் சடையில் கட்டுவார்களே, அந்தச் சிவப்பு.

நான் சிரித்ததைப் பார்த்து அண்ணியின் முகம் சுருங்கிப்போனது. "நீயும் அப்ப பொய்யின்னுதான் சொல்றியா?" என்றார்.

அந்தக் குரலைக் கேட்டதும் நான் சிரிப்பை விழுங்கினேன்.

மார்பைப் படிப்பவன்

இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்கு நான் பள்ளிக்கூடம் போன லட்சணம் தெரியும். ஆறாவதுக்கு மேல் என்னைப் பள்ளியும் தாங்கவில்லை, நானும் பள்ளியைத் தாங்கவில்லை. இன்றைக்கு என் மண்டியில் நாலு லாரி நிற்கிறது. கலசப்பாக்கம் போகிற வழியில் நான் கட்டிய கல்யாண மண்டபத்தில் நாள் கிடைக்காமல் முகூர்த்தத்தையே தள்ளிப் போடுகிறார்கள். இதையெல்லாம் ஏற்கெனவே எழுதிவிட்டேன் என்று பத்திரிகை ஆசிரியர் இந்த வரிகளை அடித்துவிடுவார். அடிக்கட்டும்.

ஆனால் ஒன்றை இன்னும் எழுதவில்லை. எனக்கு மனுஷன் மார்பைப் படிக்கத் தெரியும்.

பட்டாளத்தில் நான் லாரி டிரைவர். ஒரு ஜவானின் இடது மார்பில், சட்டைப் பைக்கு மேல், கலர் கலராகத் துண்டு ரிப்பன் வரிசை இருக்கும். பார்க்கிறவர்களுக்கு அது அழகு. தெரிந்தவர்களுக்கு அது அவனுடைய முழு ஜாதகம். எந்தச் சண்டைக்குப் போனான், பனி பார்த்தானா பாலைவனம் பார்த்தானா, எத்தனை வருடம் கெட்ட பேர் வாங்காமல் இருந்தான், எல்லாம் அதில் உண்டு. பெரிய மரியாதை மார்பின் நடுப்பக்கம் இருக்கும். சின்னது கைப்பக்கம் ஒதுங்கும். வரிசை மாறக் கூடாது.

வாய் பொய் சொல்லும். "நான் அந்தச் சண்டையில ஒத்த ஆளா நின்னேன்" என்று டீக்கடையில் அளப்பான். ரிப்பனைப் பார்த்தால் அந்தச் சண்டை நடந்தபோது ஐயா வேறு மூலையில் ஸ்டோரில் சட்டி எண்ணிக்கொண்டிருந்தது தெரிந்துவிடும். போளூர் ரயில் நிலையத்துக்கு எதிர் டீக்கடையில் இப்படி எத்தனை பேரை நான் வாயடைக்க வைத்திருக்கிறேன்! அன்றைக்கு டீ அவர்கள் கணக்கு.

இந்த ஜில்லாவில் இதற்கு ஆள் பஞ்சமில்லை. அடிவாரத்தில் தெருவுக்கு ஒரு பட்டாளத்துக்காரன். மலையில்தான் குறைவு. அந்தக் குறைவானவர்களில் ஒருவர் குப்பம்மா அண்ணியின் புருஷன் சென்றாயன். நான் அண்ணா என்று கூப்பிட்ட மனிதர். அவர் போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது.

என்னைப் படித்தவர்

அவரை நான் முதலில் பார்த்த கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

பட்டாளத்திலிருந்து வந்த புதிதில் கையில் ஒரு பழைய ஜீப். அதை எடுத்துக்கொண்டு புளி வாங்க மலை ஏறினேன். கீழ்நாட்டுக்காரன் என்றாலே மலைக்காரர்களுக்கு அப்போது ஒரு பயம். எடையில் ஏமாற்றுவான், புளியை ஏற்றிக்கொண்டு போவான், திரும்ப வரமாட்டான். அனுபவப்பட்டவர்கள். ஒருத்தரும் எனக்கு ஒரு தூக்குப் புளி தரவில்லை. மூன்று ஊர் சுற்றி வெறும் ஜீப்போடு இறங்கிக்கொண்டிருந்தேன்.

வளைவில் ஒரு ஆள் கையைக் காட்டி நிறுத்தினார். தோளில் மண்வெட்டி. குளிருக்கு நான் என் பழைய பட்டாளத்துக் கோட்டைப் போட்டிருந்தேன். அதிலிருந்து இரண்டே இரண்டு ரிப்பனைப் பிரிக்காமல் விட்டிருந்தேன். ஒன்று பனிமலையில் வண்டி ஓட்டியதற்கு, இன்னொன்று ஒன்பது வருடம் ஒழுங்காக இருந்ததற்கு.

அந்த ஆள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மார்பைத்தான் பார்த்தார்.

"மேல பனியில இருந்தியா?"

"ஆமாங்க."

"டிரைவரா?"

"எப்படிங்க தெரியும்?"

"இந்த ரோட்டுல ஜீப்ப இப்படி இறக்குறவன் வேற எவன்?" என்று ஏறி உட்கார்ந்தார். "திருப்பு வண்டிய. மேல போவலாம்."

மேலே போய் ஊர் நடுவில் இறங்கி ஒரே வார்த்தைதான் சொன்னார். "இவன் பனியில வண்டி ஓட்டினவன். பின்னாடி ஆளுங்கள ஒக்கார வெச்சிக்கிட்டு ஓட்டினவன். ஏமாத்த மாட்டான். குடுங்க."

கொடுத்தார்கள். அன்றைக்கு ஜீப் நிறைந்தது. அந்தப் புளி விற்ற இடத்தில்தான் இன்றைய மண்டி நிற்கிறது. என் உழைப்பில் வந்தேன் என்று ஊரெல்லாம் சொல்கிறேன், அது உண்மையும்கூட. ஆனால் அந்த வளைவில் அந்தக் கை நீளாமல் இருந்திருந்தால் என் உழைப்பை நான் எங்கே கொண்டுபோய்ப் போட்டிருப்பேன்?

இதில் வேடிக்கை என்னவென்றால், என்னைப் படித்த மனிதர் தன்னைப் படிக்க விட்டதே இல்லை. "நீங்க எந்தப் பக்கம் இருந்தீங்கண்ணா?" என்றால், "எல்லாப் பக்கமும் சோறு ஒண்ணுதான்" என்பார். அதனால் ஊரில் அவரைச் சமையல்காரன் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். உருளைக்கிழங்கு உரித்துவிட்டு வந்தவன். அவரும் மறுக்கவில்லை.

வேலூரில் வாங்கின மெடலா?

அண்ணிக்கு மோர் கொடுத்து உட்கார வைத்து விஷயத்தைக் கேட்டேன்.

சுதந்திர தினத்துக்கு மலைமேல் பள்ளிக்கூட மைதானத்தில் விழா. பட்டாளத்துக் குடும்பங்களை மேடையில் ஏற்றி மரியாதை செய்யப் போகிறார்கள். புருஷன் இல்லாத பெண்கள் அவர் மெடலைக் குத்திக்கொண்டு வரவேண்டும். இதைச் சொல்லிவிட்டுப் போக, ரிட்டயர்டு ஹவில்தார் துரைக்கண்ணு மலைக்கு வந்திருக்கிறார். அடிவாரத்துக்காரர். காலாட்படை. மீசையும் மரியாதையும் மடிப்புக் கலையாத மனிதர். அண்ணி மெடல்களை எடுத்துக் காட்டியிருக்கிறார்.

துரைக்கண்ணு பார்த்துவிட்டு மெல்லச் சொல்லியிருக்கிறார்: "அம்மா, இந்த ரிப்பன் எதுவும் பட்டாளத்து ரிப்பன் இல்ல. இதப் போட்டுக்கிட்டு மேடைக்கு வராதீங்க. யாராச்சும் கேட்டா உங்களுக்குத்தான் அசிங்கம்."

மனிதர் நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் பக்கத்தில் நின்ற ஊர்க்காரன் ஒருத்தன் பிடித்துக்கொண்டான். வேலூர் கடையில் காசு கொடுத்தால் கிலோ கணக்கில் கிடைக்கும் என்றானாம். கிழங்கு உரித்தவனுக்கு மெடல் ஏது என்றானாம்.

"பென்சன் வருது. அதனால பட்டாளத்துல இருந்தாருன்றத எவனும் இல்லன்னு சொல்லல" என்றார் அண்ணி. "ஆனா அவரு பொய்யா மெடல வாங்கி பொட்டியில வெச்சிருந்தாருன்னு சொல்றாங்க தம்பி. நான் மேடைக்கி ஆசப்படல. அவரு பொய்க்காரரு இல்லன்னு எனக்குத் தெரியணும். தெரியாத பொருள மார்ல குத்திக்கிட்டு நான் நிக்கவும் மாட்டேன். எவனாச்சும் இது இன்னாத்துக்குக் குடுத்ததுன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

டிஸ்சார்ஜ் புத்தகம் எங்கே என்று கேட்டேன். கரையான் தின்றுவிட்டதாம்.

"சரி, இந்த ரிப்பன் யார் தெச்சது அண்ணி?"

"நான்தான். வேற யாரு?"

"எங்க வாங்கினீங்க?"

"திருப்பத்தூரு சந்தையில. பழசு நஞ்சிபோச்சி. தொங்கவுட்டா அழகா இருக்க வேணாமா? ஒவ்வொரு போகிக்கும் புளி போட்டுத் தேச்சிக் கழுவுவேன். அவரு பாத்துச் சிரிப்பாரு. ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

மின்னிய காரணம் இப்போது புரிந்தது. சந்தேகத்துக்கும் காரணம் புரிந்தது. புருஷனின் வாழ்க்கையையே அந்தம்மா விளக்குப் பாத்திரம் மாதிரி வருடா வருடம் தேய்த்துக் கழுவி, சடை ரிப்பன் கட்டி மாட்டியிருக்கிறார். மெடலின் முகத்தில் இருந்த எழுத்தெல்லாம் மழுங்கிப்போய்விட்டது. மலைப் புளிக்கு அவ்வளவு வேகம்!

விபூதி வைத்துப் படித்தது

ஆனால் மெடலுக்கு முகம் மட்டுமில்லை, விளிம்பும் உண்டு. வட்டத்தின் ஓரத்தில் அந்த ஆளின் நம்பரும் பேரும் பொறித்திருப்பார்கள். அங்கேயும் தேய்ந்திருந்தது. ஆனால் பள்ளம் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

சாமி படத்துக்குக் கீழே இருந்த விபூதிக் கிண்ணத்தை எடுத்தேன். ஒரு மெடலின் விளிம்பில் அப்பி, துணியால் மேலாகத் துடைத்தேன். பள்ளத்தில் வெள்ளையாக எழுத்து எழுந்து நின்றது. இங்கிலீஷ் எனக்குப் பெரிதாக வராது. நம்பர் வரும்.

முதல் மூன்று எண்ணைச் சத்தமாகப் படித்தேன், இந்தியில். பட்டாளத்தில் நம்பர் சொல்வது அப்படித்தான்.

மீதியைப் படிக்க நான் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் அண்ணி கடகடவென்று முடித்துவிட்டார். அதே இந்தியில்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெனம் குளிக்கும்போது சொல்லுவாரே! தண்ணிய தலையில ஊத்திக்கிட்டு பாட்டு மாதிரி சொல்லுவாரு. மந்திரம்னு நெனச்சேன்."

விளிம்பைத் திருப்பினேன். நம்பர் அப்படியே, ஒரு எண் பிசகாமல் இருந்தது. மற்ற நாலிலும் விபூதி அப்பிப் பார்த்தேன், அதே நம்பர்.

பட்டாளத்துக்காரன் பெண்டாட்டி பேரை மறந்தாலும் தன் நம்பரை மறக்க மாட்டான். "அண்ணி, கடையில வாங்கினதுல அவரு நம்பர் இருக்காது. இது அஞ்சும் அவருது" என்றேன்.

அந்தம்மா பஸ்ஸை மறந்துவிட்டார். "அப்ப எது எது இன்னாத்துக்குன்னு சொல்லு" என்று காலை மடித்து உட்கார்ந்துகொண்டார்.

நட்சத்திர வடிவில் இருந்ததற்கு ரிப்பன் தேவையில்லை. அது பூர்வி ஸ்டார். பங்களாதேஷ் சண்டையில் கிழக்குப் பக்கம் போனவர்களுக்குக் கொடுத்தது. அடுத்த மெடலின் மேல் குறுக்கே ஒரு சின்னப் பட்டை மாட்டியிருந்தது. தேய்ந்த இந்தியில் ஹிமாலயா. அவரும் பனி பார்த்திருக்கிறார்! வளைவில் என்னை எப்படிப் படித்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. இன்னும் மூன்று இருந்தன. முகம் சுத்தமாக மழுங்கியவை.

"அண்ணி, மொதல்ல இருந்த ரிப்பன் நிறம் ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? இதுல செங்காவி. நடுவுல மூணு வெள்ளக்கோடு, விபூதிப் பட்ட மாதிரி."

சங்க்ராம் மெடல். அதே சண்டைக்கு. இன்னொன்றின் நிறத்தை அவர் சொன்னதும் எனக்கு என் கோட்டு ஞாபகம் வந்தது. ஒன்பது வருடச் சேவை. ஒழுங்குக்குக் கிடைப்பது.

"கடேசிதா? இந்த சடை ரிப்பன் கட்டினது?"

அண்ணி அந்தச் சிவப்பு ரிப்பனைக் கையில் எடுத்தார். "அத நான் நஞ்சிபோயி மாத்துல தம்பி. வந்த அன்னிக்கே பிரிச்சி அடுப்புல போட்டுட்டேன்."

"ஏன்?"

"வெள்ளத்துணி. நடுவுல பட்டையா செவப்பு. கட்டினவன் உசுரோட இருக்கும்போது வூட்டுல வெள்ளத்துணி எதுக்குத் தொங்கணும்? அதான் செவப்பா ஒண்ணு கட்டிவுட்டேன்."

வெள்ளையில் நடுவே சிவப்பு. எங்கள் யூனிட்டில் ஒரே ஒருத்தன் மார்பில் அது இருந்தது. அவன் கொஞ்சம் சாய்ந்து நடப்பான். எதிரியின் குண்டு உடம்பில் பட்டவனுக்கு மட்டும் கொடுப்பது. கேட்டு வாங்க முடியாது, பரீட்சை எழுதி வாங்க முடியாது, ரத்தம் கொடுத்தால்தான் கிடைக்கும்.

"அண்ணி, அண்ணனுக்கு உடம்புல எங்கயாச்சும் காயம் இருந்துச்சா?"

"முதுகுல, தோள்பட்டைக்குக் கீழ. அது சண்டையில பட்டது இல்ல தம்பி. பனிமலையில கரடி பிறாண்டினது. ஊருக்கே தெரியுமே."

கரடி

அது கரடி இல்லை, குண்டு என்று நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. ரொம்பப் பேசுகிறவன் நான், அன்றைக்கு இரண்டு வரிதான் பேசியிருப்பேன்.

அண்ணி தராசுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொன்னார்.

"கட்டு போட்டுக்கிட்டு லீவுல வந்தாரு. நான் அப்ப தலச்சம்புள்ள வயித்துல. எங்கப்பா கேட்டாரு, இன்னாடா மாப்ள இதுன்னு. கரடின்னாரு. எங்கப்பா சிரிச்சிட்டாரு. எங்க மலையில கரடி அடிச்சவன் ஊருக்கு ஒருத்தன் இருப்பான். எவனும் பெருசா எடுத்துக்க மாட்டான். குண்டுன்னு சொல்லியிருந்தா எங்கப்பா திரும்பி அனுப்பியிருக்க மாட்டாரு. நானும் வுட்டிருக்க மாட்டேன்."

திடீரென்று சிரிப்பு. கண்ணில் தண்ணீரோடு சிரிப்பு.

"அடப் பாவி மனுசா! இத்தினி வருசம் இல்லாத கரடிய வாயாரத் திட்டிக்கிட்டு இருந்தனே! திரும்பவும் அந்தக் கரடி வரக் கூடாதுன்னு வருசா வருசம் வேடியப்பனுக்குச் சேவல் வேற அறுத்தனே தம்பி!"

வேடியப்பன் மலைக்காரர்களின் சாமி. அந்தக் காலத்தில் சண்டையில் செத்த வீரனுக்கு நட்ட கல். அதைத்தான் அங்கே சாமியாகக் கும்பிடுகிறார்கள். யாருக்காக யாரிடம் சேவல் அறுத்திருக்கிறார் பாருங்கள்.

துரைக்கண்ணுவுக்குப் போன் போட்டேன். "ஹவில்தாரே, ஒடனே மண்டிக்கு வா."

"இன்னா முதலாளி, லாரி பஞ்சரா? தள்ளறதுக்கு காலாட்படை வேணுமா?" என்றுகொண்டே வந்தார். விபூதி விளிம்பைக் காட்டினேன். வெள்ளை ரிப்பன் கதையைச் சொன்னேன். மனிதர் செருப்பைக் கழற்றினார். தராசுக்கு முன்னால் விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்தார். அப்புறம் அண்ணியின் பக்கம் திரும்பி, "அம்மா, ரிப்பனப் பாத்தேன், மெடலப் பாக்கல. மன்னிச்சிக்கங்க" என்றார்.

"நீ இன்னாய்யா பண்ணுவ, நான்தான சடை கட்டிவுட்டேன்" என்றார் அண்ணி.

அடுத்த நாளே நானும் துரைக்கண்ணுவும் வேலூர் போய் அசல் ரிப்பன் வாங்கிவந்தோம். கொண்டுபோய்க் கொடுத்தபோது எனக்கு ஒரு தயக்கம். "அண்ணி, அந்த வெள்ளை மட்டும் உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா..."

அண்ணி அதைக் கையில் வாங்கி விரலால் நீவினார். "அவரு இருக்கும்போதுதான் வேணாம்னேன். தெச்சிக் குடு தம்பி. இப்ப தொங்கலாம்."

வலது பக்கம்

விழாவன்று மலையில் தூறல். அண்ணி நல்ல புடவையில் வந்து மேடை ஏறினார். ஐந்து மெடலும் வலது பக்கம்.

மேடையில் இருந்த ஒரு அதிகாரி அன்பாகத்தான் சொன்னார். "அம்மா, மெடல எடது பக்கம் குத்தணும். மாறிப்போச்சு."

நான் எழுந்திருக்கப் போனேன். துரைக்கண்ணு என் தொடையை அமுக்கினார். அண்ணிக்கு அவர் முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார், என் உதவி தேவையே இருக்கவில்லை.

"சம்பாரிச்சவங்க அந்தப் பக்கம் குத்துவாங்க சாமி. அவங்க பேருல போடுறவங்க இந்தப் பக்கம். இது அவருது" என்றார் அண்ணி. மைக் பக்கத்தில் இருந்ததால் மைதானத்துக்கே கேட்டது.

முன்வரிசையில், கிழங்கு உரித்தவனுக்கு மெடல் ஏது என்று கேட்ட அந்த ஆசாமி உட்கார்ந்திருந்தான். அண்ணி மேடையிலிருந்து இறங்கி வரும்போது அவனாகவே கேட்டான், குரலைத் தாழ்த்தி. "யக்கா, அந்த வெள்ள எதுக்கு?"

"குண்டு பட்டதுக்கு" என்றார் அண்ணி. "என்கிட்ட மட்டும் கரடின்னு சொல்லிட்டாரு."

அவன் எழுந்து நின்று வழி விட்டான்.

விழா முடிந்ததும் எங்களை வேடியப்பன் கல்லுக்குக் கூட்டிப்போனார். சேவல் தயாராகக் கட்டியிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னும் எதுக்கு அண்ணி சேவல்? கரடியே இல்லன்னு ஆயிடுச்சே."

"கரடிக்கு இல்ல தம்பி. அந்தக் குண்டு அவர வுட்டுட்டுப் போச்சில்ல? அதுக்கு."

மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்து சாமைச் சோறும் சேவல் குழம்பும் சாப்பிட்டோம். என் பழைய கோட்டு நனைந்திருந்தது. இரண்டு ரிப்பனும் அதில்தான் இருக்கிறது. அந்தக் குண்டு ஒரு சாண் தள்ளிப் பாய்ந்திருந்தால், அன்றைக்கு வளைவில் கையைக் காட்டி என் மார்பைப் படிக்க அங்கே ஆள் இருந்திருக்காது. ஜீப் வெறுமையாகவே கீழே இறங்கியிருக்கும்.

"இன்னும் கொஞ்சம் போடட்டுமா தம்பி?" என்றார் அண்ணி.

தட்டை நீட்டினேன். அந்தச் சேவலில் எனக்கும் பங்கு உண்டு.